உடல் கற்கும் பாடம்

கல்வி பயில்வோர் பள்ளி மாணவர் மட்டுமல்லர். மனித உடலும் ஓயாது கல்வி பயின்று வருகின்றது. பிறந்த குழந்தையின் செவி தாயின் குரலைக் கற்கின்றது. கண் அவள் முகத்தைக் கற்கின்றது. கால்கள் நடை பயில்கின்றன. இவை பிறர் கண்டு மகிழக்கூடிய கல்வி. எவர் கண்ணுக்கும் புலப்படாமல் குருதியினுள்ளே நிகழும் கல்வியும் ஒன்று உண்டு. பகைவன் இன்னான் என்று அறிந்து, அவன் மீண்டும் வரும்போது அடையாளங்கண்டு எதிர்க்கும் கல்வியே அது. பெரியம்மை கண்டு பிழைத்தவனை அந்நோய் மறுமுறை பெரும்பாலும் தீண்டாது என்பதைப் பண்டை மக்களும் அறிந்திருந்தனர். அவனுடைய உடல் ஒரு முறை பெற்ற பாடத்தை மறவாமல் வைத்திருந்ததே அதற்குக் காரணம்.

நோயின் துன்பமின்றி அப்பாடத்தை மட்டும் உடலுக்குக் கற்பிக்கலாம் என்பதை 1796-ஆம் ஆண்டில் எட்வர்டு ஜென்னர் என்னும் ஆங்கில மருத்துவர் காட்டினார். பசுவம்மைப் பாலை ஒரு சிறுவனின் கையில் குத்தி, அவனைப் பெரியம்மையினின்றும் காத்தார். அன்று தொடங்கிய பணி முற்றி, 1980-ஆம் ஆண்டில் பெரியம்மை உலகினின்றே ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும், எல்லா நோய்களும் இவ்வாறு எளிதிற் பணிந்துவிடவில்லை. மிகப் பழைய நோய்களுள் ஒன்றாகிய மலேரியா, தடுப்பூசி வல்லுநர்களின் அறிவுக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறைகூவல் விடுத்து நின்றது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 26 கோடி 30 இலட்சம் பேர் மலேரியாவால் வருந்தினர் என்றும், 5 இலட்சத்து 97 ஆயிரம் பேர் மாண்டனர் என்றும் அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மாண்டவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் ஆப்பிரிக்க நிலப்பகுதியினர். அவருள்ளும் பெரும்பாலோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள்.

மலேரியா என்னும் சொல்லுக்கு இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பது பொருள். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக் காற்றே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று முற்காலத்தார் எண்ணினர். 1880-ஆம் ஆண்டில், அல்ஜீரியா நாட்டில் பணியாற்றிய இலாவெரான் என்னும் பிரெஞ்சுப் படை மருத்துவர், நோயாளியின் குருதியை நுண்ணோக்கியினால் ஆராய்ந்து, அதில் வாழும் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டார். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், சிக்கந்தராபாத்தில் இருந்த உரொனால்டு இராசு என்பார், அவ்வொட்டுண்ணியைக் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்டறிந்தார். மறு ஆண்டிலே இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் தோழர்களும், மனிதருக்கு இந்நோயைக் கொணர்வது அனாபிலிசு என்னும் கொசு இனமே என்று நிறுவினர். இவ்வாறு, காற்றின்மீது சுமத்தப்பட்டிருந்த பழி நீங்கியது. உண்மைப் பகை யாதென்று விளங்கிற்று.

பகை யாதென்று அறிந்தபின்னும் அதனை வெல்லுதல் அரிதாயிருந்தது ஏன்? அவ்வொட்டுண்ணி பல வேடம் புனைவதே அதற்குக் காரணம். பெண் கொசு கடிக்கும்போது அதன் உமிழ்நீருடன் ஊசி போன்ற மெல்லிய வடிவுடைய நுண்ணுயிர்கள் சில தோலினுள் புகுகின்றன. ஸ்போரோசோயிட்டு என்பது அவற்றின் பெயர். பெரும்பாலும் அவை நூற்றுக்கு மேற்படுவதில்லை. அவை தோலினூடே ஊர்ந்து குருதிக் குழாயை அடைந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ கல்லீரலைச் சேர்ந்து, அதன் உயிரணுக்களுள் ஒளிந்துகொள்கின்றன. அங்கு ஏறத்தாழ ஒரு வார காலம் நோயின் அறிகுறி சிறிதுமின்றி அவை பெருகுகின்றன. உட்புகுந்த ஒன்று பல்லாயிரமாகின்றது. பின்னர் அவை வேறு வடிவும் வேறு போர்வையும் கொண்டு குருதியில் வெளிப்பட்டுச் செவ்வணுக்களைத் தாக்குகின்றன. செவ்வணுக்கள் வெடித்துச் சிதறும்போதெல்லாம் குளிரும் நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுகின்றன. கொடிய வகையாகிய பால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி மூளையின் நுண்குழாய்களை அடைத்து உயிரையே பறிக்க வல்லது.

இதனால் உடலுக்கு நேரும் இடர்ப்பாடு பெரிது. தோலில் புகுந்தவனின் முகம் வேறு. கல்லீரலில் ஒளிந்தவனின் முகம் வேறு. குருதியில் போர் புரிபவனின் முகம் வேறு. சில நச்சுயிர்களுக்குப் பத்து மரபணுக்களே உள்ளன. பால்சிபாரத்திற்கோ ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. அது பற்றிய செவ்வணுவின் மேற்புறத்தில் வைக்கும் புரதத்தை மாற்றி மாற்றி அணிவதற்கென்றே ஏறத்தாழ அறுபது மரபணுக்களை அது வைத்திருக்கின்றது. ஒரு முகத்தைக் கண்டு உடல் படை திரட்டுவதற்குள், அது வேறொரு முகத்துடன் நிற்கின்றது.

எனினும் உடல் கற்கவே கற்கின்றது, மெல்லக் கற்கின்றது. ஆப்பிரிக்கச் சிற்றூர்களில் ஆண்டுதோறும் காய்ச்சலுற்றுப் பிழைத்து வளர்ந்தவர்கள், பெரியவர்களான பின்பு கடு நோய்க்கு ஆளாவது குறைவு. அவர்களுடைய குருதியில் அதற்கான படைக்கலன் இருத்தல் வேண்டும் என்று கருதிய கோகன், மெக்கிரிகர் முதலிய அறிஞர்கள், 1961-ஆம் ஆண்டில் காம்பியா நாட்டு ஆய்வொன்றை வெளியிட்டனர். நோய் எதிர்ப்பாற்றல் பெற்ற பெரியவர்களின் குருதியிலிருந்து எதிர்ப்பொருள்களைப் பிரித்தெடுத்து, மலேரியாவால் வருந்திய குழந்தைகளுக்கு அவர்கள் செலுத்தினர். குழந்தைகளின் குருதியில் இருந்த ஒட்டுண்ணிகள் விரைந்து குறைந்தன. பெரியவர்களின் உடல் பல ஆண்டுகளாகக் கற்ற பாடம் எதிர்ப்பொருள் வடிவில் அங்கு இருந்தது என்பது தெளிவாயிற்று. ஆனால் அப்பாடத்தின் விலையோ மிகக் கொடிது. அதனைக் கற்று முடிப்பதற்குள் எத்தனையோ குழந்தைகள் உயிர் துறந்தனர். விலையின்றி அப்பாடத்தைக் கற்பிக்கும் வழி உண்டோ என்பதே அறிஞர்முன் நின்ற வினா.

அவ்வினாவிற்கு நம்பிக்கையூட்டும் விடை முதலில் ஓர் அம்மையாரிடமிருந்து வந்தது. உரூத்து நசன்சுவைக்கு என்பது அவர் பெயர். 1928-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நாசிக் கொடுமைக்குத் தப்பிப் பெற்றோருடன் பிரேசில் நாட்டில் புகலடைந்து, அங்கு மருத்துவம் பயின்றவர். பின்னர் நியூயார்க்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த அவர், ஸ்போரோசோயிட்டுகளை எக்ஸ் கதிரால் வலுவிழக்கச் செய்து எலிகளின் உடலிற் செலுத்தினார். அவை கல்லீரலுள் புகுந்தன. ஆயினும் பெருக இயலவில்லை. பின்னர் வலுமிக்க ஸ்போரோசோயிட்டுகளை அதே எலிகளுக்குச் செலுத்தியபோது பெரும்பாலான எலிகள் நோயினின்றும் தப்பின. 1967-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. பகைவன் வாயிலில் நிற்கும்போதே அவனை அடையாளங்காண உடலைப் பழக்கலாம் என்பதை அது காட்டிற்று.

1973-ஆம் ஆண்டில் மனிதரிடத்தும் இம்முறை பலித்தது. கதிர்பட்ட கொசுக்கள் நூற்றுக்கணக்கில் தம்மைக் கடிக்கத் தாமே முன்வந்த தொண்டர்கள் அதற்கு உடன்பட்டனர். ஆனால் ஊர்தோறும் குழந்தைகளுக்கு இம்முறையைக் கையாளுதல் இயலாது என்பதை எவரும் எளிதில் உணர்வர். ஆகவே, முழு உயிரியை விடுத்து, அதன் போர்வையினின்றும் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கற்பிக்க அறிஞர் முயன்றனர். ஸ்போரோசோயிட்டின் மேற்புறம் முழுவதையும் ஒரு புரதம் போர்த்திருக்கின்றது. அப்புரதத்திற்குரிய மரபணுவை 1984-ஆம் ஆண்டில் ஆராய்ந்து அறிந்தனர். அதன் நடுப்பகுதியில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சிறு தொடர், பாட்டில் வரும் பல்லவிபோல் திரும்பத் திரும்ப அமைந்திருக்கக் கண்டனர். பகைவனைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அதுவே ஆயிற்று.

ஆயினும், புரதத் துண்டினை மட்டும் ஊசியாக ஏற்றினால் உடல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே, 1980-களில், கிளாக்சோ என்று இன்று வழங்கும் மருந்து நிறுவனத்தின் முன்னோடி நிறுவனமும், அமெரிக்கப் படையினரின் வால்ட்டர் இரீடு ஆராய்ச்சி நிலையமும் கூடி ஒரு வழி கண்டன. கல்லீரலைத் தாக்கும் ‘எபடைட்டிசு பி’ நச்சுயிரின் மேற்புறப் புரதத்துடன் அம்மலேரியாப் புரதத்தின் பகுதியை இணைத்து, ஈஸ்ட் உயிரணுக்களில் விளைவித்தனர். அவ்வாறு விளைந்த புரதங்கள் தாமே ஒன்றுகூடி, நச்சுயிர் போன்ற நுண்மணிகள் ஆயின. அவற்றில் நோய் தரும் உயிர் இல்லை. தோற்றம் மட்டுமே உண்டு. உடலின் கவனத்தை ஈர்ப்பதற்கென்று, சிலி நாட்டில் வளரும் குயில்லாயா என்னும் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த பொருளையும், பிறிதொரு பொருளையும் துணைமருந்தாகச் சேர்த்தனர். இதுவே ஆர்.டி.எஸ்.-எஸ். என்னும் தடுப்பூசி.

இவ்வூசியைக் குழந்தையின் உடலிற் குத்தியதும் நிகழ்வது வியக்கத்தக்கது. துணைமருந்து அவ்விடத்தில் அபாய அறிவிப்புச் செய்கின்றது. அங்குத் திரியும் காவல் அணுக்கள் விரைந்து வந்து நுண்மணிகளை விழுங்கி, அவற்றைச் சிறு துண்டுகளாக்கித் தம் மேற்புறத்தில் ஏந்தியவாறு, அருகிலுள்ள நிணநீர்க் கணுவை நோக்கிச் செல்கின்றன. அக்கணுவே உடலின் பள்ளிக்கூடம். அங்குக் கோடிக்கணக்கான வெள்ளணுக்கள் உள்ளன. அவற்றுள் டி அணுக்கள் என்பவை காவல் அணுக்கள் கொணர்ந்த செய்தியைப் படித்து, பி அணுக்களுக்கு ஊக்கம் அளிக்கின்றன. பி அணுக்களுள் எவை அப்புரதத்தைப் பற்றவல்ல அமைப்பினை இயல்பாகவே பெற்றுள்ளனவோ, அவை மட்டும் பெருகத் தொடங்குகின்றன.

பெருகும்போது அவற்றின் அமைப்பில் சிறு சிறு மாறுதல்கள் உண்டாகின்றன. அம்மாறுதலால் புரதத்தை முன்னிலும் இறுகப் பற்றவல்லவை சில. பற்று நழுவுபவை பல. இறுகப் பற்றுபவை தேர்ச்சி பெறுகின்றன, நழுவுபவை மடிந்தொழிகின்றன. ஓயாது நடைபெறும் இத்தேர்வினால், நாட்கள் செல்லச் செல்ல எதிர்ப்பொருள்களின் கூர்மை மிகுகின்றது. தேறிய அணுக்களுள் சில எலும்பு மச்சையைச் சென்றடைந்து எதிர்ப்பொருளை இடைவிடாது சுரக்கின்றன. சில நினைவணுக்களாக மாறி, பகைவனின் வரவை நோக்கி அமைதியாகக் காத்திருக்கின்றன.

இவ்வாறு பழக்கப்பட்ட குழந்தையை நோய்க் கொசு கடிக்குமாயின், தோலிலும் குருதியிலும் உலவும் எதிர்ப்பொருள்கள் ஸ்போரோசோயிட்டுகளின் போர்வையைப் பற்றிக்கொள்கின்றன. ஊர்ந்து செல்லும் ஆற்றலை அவை இழக்கின்றன. விழுங்கும் அணுக்களுக்கு இரையாகின்றன. கல்லீரலின் வாயிலை அடையமாட்டாமல் வழியிலேயே அழிகின்றன.

ஆனால் இங்கே காலம் என்னும் இடையூறு குறுக்கிடுகின்றது. வேறு பல நோய்களில், கிருமி உடலினுள் பெருக நாட்கள் பல ஆகும். அதற்குள் நினைவணுக்கள் விழித்தெழுந்து புதிய படையைத் திரட்டிவிடும். மலேரியாவிலோ, நினைவணுக்கள் எழுவதற்குச் சில நாட்கள் வேண்டும். ஒட்டுண்ணி கல்லீரலை அடைவதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆகவே, நினைவு மட்டும் இருந்தாற் போதாது. படைக்கலன் எந்நேரமும் கையில் ஏந்தியபடியே இருத்தல் வேண்டும். குருதியில் எதிர்ப்பொருள் நிறைந்திருக்கும் வரை காவல் உண்டு. அது குறையுந்தோறும் காவலும் தளரும். ஒரே ஒரு ஸ்போரோசோயிட்டு தப்பிக் கல்லீரலுள் நுழைந்துவிட்டாலும், அது வேறு போர்வையுடன் பல்லாயிரமாக வெளிவரும். போர்வை மாறிய பகைவனை, இத்தடுப்பூசி கற்பித்த எதிர்ப்பொருள்கள் அறியமாட்டா.

1997-ஆம் ஆண்டில், தொண்டர் எழுவர் முற்பட்ட ஒரு துணைமருந்துடன் இத்தடுப்பூசியைப் பெற்றபின், நோய்க் கொசுக்கள் தம்மைக் கடிக்க இசைந்தனர். அவர்களுள் அறுவர் நோயினின்றும் தப்பினர். இது பெரு நம்பிக்கை அளித்தது. பின்னர் 2009-ஆம் ஆண்டு முதல் 2014-ஆம் ஆண்டு வரை, ஆப்பிரிக்காவின் ஏழு நாடுகளில், 15,459 குழந்தைகளைக் கொண்டு பேராய்வு ஒன்று நடைபெற்றது. ஐந்து திங்கள் முதல் பதினேழு திங்கள் வரை வயதுடைய குழந்தைகளிடையே முதல் ஓராண்டில் நோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஆனால் எதிர்ப்பொருளின் அளவு முதலில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் தாழ்ந்தது. காவலும் உடன் தாழ்ந்தது. மூன்று ஊசிகளுக்குப்பின் நான்காவது ஊசியும் பெற்ற குழந்தைகளிடையே, நான்காண்டு முடிவில் கணக்கிட்டபோது, நூற்றுக்கு 36 விழுக்காடு நோய் குறைந்திருந்தது. நான்காவது ஊசி பெறாதவரிடம் அது 28 விழுக்காடே ஆயிற்று.

மூன்றில் ஒரு பங்கு காக்கும் மருந்தும் ஒரு மருந்தோ என்று ஐயுறுதல் இயல்பே. தட்டம்மைத் தடுப்பூசியின் வலிமையுடன் ஒப்பிட்டால் இது மிக எளியதாகத் தோன்றும். ஆயினும், விழுக்காட்டை மட்டும் நோக்குவோர் குழந்தைகளை நோக்க மறந்துவிடுவர். நோய் மிகுந்த ஊர்களில் ஒரு குழந்தை ஆண்டில் பன்முறை காய்ச்சலுறுகின்றது. அதனால், மேற்கூறிய ஆய்வில் நான்கு ஊசிகளும் பெற்ற ஒவ்வோர் 1,000 குழந்தைகளிடத்தும், நான்காண்டுகளில் 1,774 முறை வரவிருந்த காய்ச்சல் வராமற்போயிற்று. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பின்னே, இரவெல்லாம் கண்விழிக்கும் ஒரு தாய் உண்டு. கூலியை இழந்து குழந்தையைத் தோளிற் சுமந்து நடக்கும் ஒரு தந்தை உண்டு. ஓட்டைக் குடையாயினும், பெருமழையில் நிற்பவன் அதனை எறிந்துவிடுவதில்லை.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மலாவி நாட்டிலும், பின்னர்க் கானா, கென்யா நாடுகளிலும் இத்தடுப்பூசி குழந்தைகளுக்கு வழங்கப்பெற்றது. அங்கெல்லாம், தடுப்பூசிக்குரிய வயதினரிடையே எக்காரணத்தாலும் நேரும் இறப்பு 13 விழுக்காடு குறைந்ததாகக் கண்டனர். 2021-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. ஒட்டுண்ணியால் மனிதருக்கு வரும் நோயொன்றிற்கு அவ்வாறு பரிந்துரை பெற்ற முதல் தடுப்பூசி இதுவே.

இதற்கிடையே, ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆர்-21 என்னும் மற்றொரு தடுப்பூசியை ஆக்கினர். அதன் நுண்மணிகளில் மலேரியாப் புரதம் முன்னதிலும் செறிவாக அமைந்துள்ளது. புர்க்கினா பாசோ நாட்டின் நானோரோ என்னும் ஊரில் 450 குழந்தைகளிடம் அதனை முதலில் ஆராய்ந்தனர். பின்னர் நான்கு நாடுகளில் நடந்த பேராய்வில், மழைக்காலத்தை ஒட்டி நோய் பரவும் இடங்களில், ஊசி பெற்ற ஓராண்டு வரை நூற்றுக்கு 75 விழுக்காடு நோய் குறைந்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் இதுவும் பரிந்துரை பெற்றது. இந்தியாவில் புனே நகரிலுள்ள சீரம் நிறுவனம் இதனைப் பெருமளவில் உற்பத்தி செய்கின்றது. சிக்கந்தராபாத்தில் கொசுவின் இரைப்பையில் பகைவனைக் கண்ட நாட்டிலிருந்தே, இன்று அப்பகைக்கு மாற்றாகிய மருந்து கடல் கடந்து செல்வது எண்ணி மகிழத்தக்கது. 2024-ஆம் ஆண்டின் இறுதிக்குள் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் மலேரியாத் தடுப்பூசியைத் தம் குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கின.

பாடம் மறக்குமாயின், தேர்வுக்குச் சற்று முன்னர் அதனை மீண்டும் படித்தல் அறிவுடைமை. புர்க்கினா பாசோவிலும் மாலியிலும் அறிஞர்கள் இம்முறையையே கையாண்டனர். மழைக்காலம் தொடங்குமுன் தடுப்பூசியை ஆண்டுதோறும் புதுப்பித்து, மழைத் திங்கள்களில் தடுப்பு மாத்திரைகளையும் உடன் வழங்கினர். மாத்திரை மட்டும் பெற்ற குழந்தைகளை நோக்க, இரண்டும் பெற்ற குழந்தைகளிடையே கடு மலேரியாவும் அதனால் நேரும் இறப்பும் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் குறைந்தன. 2021-ஆம் ஆண்டில் இம்முடிவு வெளிவந்தது. கொசுவலையும், மாத்திரையும், தடுப்பூசியும் ஒன்றற்கொன்று போட்டியல்ல. ஒரு வீட்டைக் காக்கும் வேலியும் கதவும் தாழும் போன்றவை அவை.

இவ்வரலாற்றில், மருந்தின் கடமை ஒரு பாதியே. மக்களின் கடமை மறுபாதியாகும். முதல் மூன்று ஊசிகளும் திங்கள் இடைவெளியில் அடுத்தடுத்து வருவன. நான்காவது ஊசியோ நெடுநாள் கழித்து வருவது. அப்பொழுது குழந்தை நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும். நோயில்லாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொலைவிலுள்ள மருத்துவ நிலையத்திற்கு மீண்டும் ஒருமுறை நடப்பதற்குத் தாய்க்கு மிக்க உறுதி வேண்டும். அதனை நினைவூட்டும் செவிலியர்க்குப் பொறுமை வேண்டும். குழந்தையின் உடல் மறந்துபோவதைத் தாய் மறவாதிருத்தல் வேண்டும். தாய் மறந்தால் ஊரார் மறவாதிருத்தல் வேண்டும். உடலின் நினைவு தளருமிடத்தில் சமுதாயத்தின் நினைவே காவலாக நிற்கின்றது.

கற்றதனைத்தும் என்றும் நிலைக்கும் என்று எண்ணுதல் பேதைமை. கற்றதை மீண்டும் மீண்டும் போற்றிக் காப்பவரே கற்றவர். பள்ளியில் பயிலும் மாணவர்க்கு மட்டுமன்றி, நிணநீர்க் கணுவில் பயிலும் சிற்றணுவுக்கும் இவ்வுண்மை பொருந்தும்.